சின்னச் சக்கரமும் பெரிய சக்கரமும்

சிங்கப்பூரில் காலை ஆறரை மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்துக்கு வளைந்த கைப்பிடி, விரல் தடிமனில் டயர், உடம்போடு ஒட்டிய சட்டை, கருப்புக் கண்ணாடி. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு 'விர்' என்று போய்விடுவார்கள். இரண்டாவது ரகத்துக்குச் சின்னச் சக்கரம், நிமிர்ந்த முதுகு, சாதாரண டி-சட்டை, பின்னால் ஒரு பை. தபால்காரர் மாதிரி நிதானமாக மிதித்துப் போவார்கள். எம்ஆர்டி நிலையம் வந்ததும் சைக்கிளை மடித்து ஒரு பெட்டி போலத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

நான் இரண்டாவது ரகம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய மூன்று வருடங்கள் மடக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

இந்த இரண்டு ரகத்துக்கும் நடுவில் ஒரு செல்லச் சண்டை எப்போதும் உண்டு. நமக்கு மட்டும் இல்லை, லண்டனிலும் இதே கதைதான். மடக்கு சைக்கிள்காரர் ஒருவர் ரோடு பைக்கை முந்திவிட்டால் அன்று முழுக்க அவருக்குத் தலை கால் புரியாது. முந்தப்பட்டவரோ, 'இன்றைக்கு எதிர்க்காற்று' என்பார். எனக்கும் அப்படி ஒரு எதிராளி இருந்தார். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் என் சைக்கிள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் தலைமுறைக்கு சைக்கிள் என்பது உடற்பயிற்சி இல்லை, பிழைப்பு. அப்பா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். சங்கு ஊதினால் தளத்தின் கதவு திறந்து, சைக்கிள்கள் வெள்ளம் போல வெளியே வரும். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் கருப்பு ராலேயைத் தேடிக்கொண்டு நிற்பது எனக்கு அன்றாட விளையாட்டு. அம்மாவுக்கு சைக்கிள் என்றாலே வேறு ஞாபகம். அவர் ஜொகூரில் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1942 ஜனவரியில் ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளில் வரிசை வரிசையாகத் தெற்கே போனதைச் சிறு பிள்ளையாக மறைந்திருந்து பார்த்தவர். டயர் வெடித்தாலும் வெறும் ரிம்மிலேயே ஓட்டிப் போனார்களாம். "அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குடா" என்பார். அதே போரில் பிரிட்டிஷ் பாராசூட் படை பிஎஸ்ஏ கம்பெனியின் மடக்கு சைக்கிளோடு விமானத்திலிருந்து குதித்த விவரத்தை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மடக்கு சைக்கிள் பட்டணத்துப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்வதுண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2016-இல் எனக்கு இனிப்பு நீர் முற்றிவிட்டது. பலதுறை மருந்தகத்தில் மூன்று மாத சராசரி 8.4 என்று காட்டியது. அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்ததும் அதே வருடம்தான். ஊரெல்லாம் சுவரொட்டி. டாக்டர், "மாத்திரையைக் கூட்டலாம், இல்லேன்னா காலை ஆட்டுங்க" என்றார். நான் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வரைவாளர். முப்பத்தைந்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்து கோடு போட்டவன். நடக்கலாம் என்றால் முட்டி வலி. நீச்சல் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் எம்ஆர்டியிலும் பேருந்திலும் மடக்கு சைக்கிளை நாள் முழுவதும் கொண்டுபோகலாம் என்று சோதனை முறையில் அனுமதித்தார்கள். அதற்கு முன்னால் கூட்டம் குறைந்த நேரத்தில் மட்டும்தான் கொண்டுபோகலாம். சோதனை 2016 டிசம்பரில் தொடங்கி, 2017-இல் நிரந்தரமானது. மடித்த பிறகு அளவு 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. வரைவாளன் அல்லவா, கடைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துதான் வாங்கினேன்.

பிராம்ப்டன்தான் பேர் போனது. 1975-இல் ஆண்ட்ரூ ரிட்சி என்ற ஆங்கிலேயர் லண்டனில் தன் அடுக்குமாடி வீட்டிலேயே வடிவமைத்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பேரையே வைத்துவிட்டார். ஆனால் விலையைக் கேட்டதும் எனக்கு முட்டி வலி அதிகமானது. அதனால் 20 அங்குலச் சக்கரம் கொண்ட ஒரு டாஹோன் வாங்கினேன். அதை ஆரம்பித்தவர் டேவிட் ஹோன், அமெரிக்காவில் லேசர் ஆராய்ச்சி செய்த இயற்பியல்காரர். எழுபதுகளில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து பெட்ரோலுக்கு வரிசையில் நின்றவர்களில் ஒருவர். லேசரை விட்டுவிட்டு மடக்கு சைக்கிளைக் கையில் எடுத்து, 1982-இல் கம்பெனி தொடங்கினார். ஒரு படித்த மனுஷன் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

இனி எதிராளி. அவர் எங்கள் கட்டடத்திலேயே எங்களுக்கு இரண்டு மாடி மேலே கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். தமிழ்ப் பிள்ளை, என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். வீடும் பிடோக்தான், எங்கள் புளோக்கிலிருந்து மூன்று புளோக் தள்ளி. பேர் வேண்டாம், வெள்ளை ஹெல்மெட் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய சைக்கிள் கார்பன் நாரில் செய்தது, ஒரே விரலில் தூக்கிக் காட்டுவார். அதன் விலைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

முதல் நாள் கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. சர்க்கஸ்ல கரடி ஓட்டுமே, அந்த மாதிரி இருக்கு."

"தம்பி, கரடி வீட்டுக்குப் போறப்ப சைக்கிளை மடிச்சுக் கட்டிலுக்கு அடியில வெச்சிடும். உன்னோடத எங்க வெப்பே?"

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏனென்றால் அவருடைய சைக்கிள் வீட்டில் வரவேற்பறைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், கொக்கியில் தொங்குகிறதாம். மனைவியோடு அதற்காகவே தனி வழக்கு.

அங்கிருந்துதான் போட்டி தொடங்கியது. பிடோக்கில் எங்களுக்குப் பழக்கமான கோப்பிக் கடையிலிருந்து காலை 6.30-க்கு இருவரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். தஞ்சோங் பகாரில் அலுவலகம். வேலைக்கான உடையில், தன் நாற்காலியில், கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து உட்கார்ந்த படத்தை யார் முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாரோ அவர் வென்றார். தோற்றவர் மறுநாள் தே ஓ கோசோங் வாங்கித் தர வேண்டும். சீனி போடாத கறுந்தேநீர், என் டாக்டருக்கும் சம்மதம்.

'நாற்காலி வரை' என்ற விதியை நான்தான் வைத்தேன். அதில்தான் சூட்சுமம்.

அவர் வழி சாலை வழி. மவுண்ட்பேட்டன் ரோடு, நிக்கல் ஹைவே என்று போவார். சுமார் 35 நிமிடத்தில் கட்டடத்தின் வாசலில் நிற்பார். ஆனால் அதற்குப் பிறகு சைக்கிளை இரண்டு பூட்டுப் போட்டுப் பூட்ட வேண்டும். வேர்வையில் நனைந்த துணியோடு அடித்தளத்தில் இருக்கும் ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டும். குளித்து, சட்டை மாற்றி, தலை சீவி, மின்தூக்கிக்குக் காத்திருந்து மேலே போவதற்குள் இன்னும் 25 நிமிடம்.

என் வழி கடற்கரை வழி. விரைவுச்சாலைக்கு அடியில் சுரங்கப் பாதையில் நுழைந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, அங்கிருந்து கரையோரமாகவே போய் மரினா அணைக்கட்டைக் கடந்து ஊருக்குள் வந்துவிடலாம். ஏறக்குறைய 15 கிலோமீட்டர், எனக்கு 50 நிமிடம். ஆனால் நான் வேர்க்க வேர்க்க ஓட்டுவதில்லை. வாசலில் இறங்கி மடித்தால் இருபது விநாடி. உறை போட்டு மூடினால் அது சைக்கிள் இல்லை, மூட்டை. மின்தூக்கியில் ஏற்றக் கூடாது என்று காவலாளி சொல்ல முடியாது. முகம் கழுவி, சட்டையை மாற்றி, மேசைக்கு அடியில் வண்டியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் மொத்தம் ஒரு மணி நேரம். ஆக, பதினெட்டு வயதும் சில ஆயிரம் வெள்ளியும் வித்தியாசம் இருந்தும் இரண்டு பேரும் கழுத்துக்குக் கழுத்து.

அவருக்கு இது பொறுக்கவில்லை. "சின்னச் சக்கரம்னா ரெண்டு மடங்கு மிதிக்கணுமே, அண்ணே, எப்படி?" என்று கேட்டார். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினேன். என் வண்டியின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் போகும். முன்னால் 52 பல், பின்னால் 13 பல். ஒரு மிதிக்குச் சக்கரம் நாலு சுற்று, ஆக 6 மீட்டர். அவருடைய சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். 50-க்கு 17 பல்லில் ஓட்டினால் ஒரு மிதிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவு, அதுவும் 6 மீட்டர் சொச்சம்தான். சக்கரத்தில் குறைவதைப் பல்லில் ஈடு கட்டிவிடுகிறார்கள். சின்னச் சக்கரத்துக்கு உண்மையான குறை, குழியில் தூக்கிப் போடும். நல்லது, சிவப்பு விளக்கிலிருந்து கிளம்பும்போது சட்டென்று எடுக்கும். மற்றபடி வேகத்தைத் தடுப்பது காற்று. நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சில் காற்று அறையும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. அவர் குனிவது அதற்காகத்தான். நான் குனிந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

விடுவாரா? அடுத்த நாள் அனைத்துலக சைக்கிள் சம்மேளனத்தின் விதியைத் தேடிக் கொண்டுவந்தார். பந்தயச் சைக்கிளின் சக்கரம் விட்டத்தில் 55 செ.மீ.க்குக் குறையக் கூடாதாம். "அண்ணே, உங்க வண்டிக்கு மைதானத்துக்குள்ளயே அனுமதி இல்ல."

"பயந்துதான் தடை போட்டிருக்காங்க, தம்பி" என்றேன். நான் சும்மா சொல்லவில்லை. 1986-இல் கனடாவில் வான்கூவரில், சின்னச் சக்கரம் வைத்த மோல்டன் சைக்கிள் ஒன்று, காற்றைக் கிழிக்கும் உறை போட்டுக்கொண்டு, மணிக்கு 82 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கிறது. இன்னொன்றும் சொன்னேன். பிராம்ப்டன்காரர்கள் தங்களுக்கென்று உலகப் போட்டியே நடத்துகிறார்கள். 2006-இல் பார்சலோனாவில் தொடங்கியது. கோட்டும் டையும் கட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். ஒட்டு உடைக்கு அனுமதி இல்லை. மடித்து வைத்த சைக்கிளை ஓடிப் போய் விரித்து ஏற வேண்டும். "அங்க உனக்கு அனுமதி இல்ல" என்றேன். அன்றைக்குத் தே ஓவை அவரே வாங்கித் தந்தார், தோற்காமலே.

பெரிய தகராறு மழையில் வந்தது. நம் ஊரில் வருடத்தின் நடுப் பகுதியில் சுமத்ராக் காற்று என்று ஒன்று மேற்கிலிருந்து வரும், பெரும்பாலும் விடிகாலையில். ஐந்தரைக்கு நட்சத்திரம் தெரியும், ஆறரைக்கு மரம் சாயும். ஒரு நாள் கடையிலிருந்து பார்த்தால் மேற்கே கன்னங்கரேல். அவர் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டு மிதித்துவிட்டார். நான் நேராக பிடோக் நிலையத்துக்குப் போய், மடித்து, ரயிலின் கடைசிப் பெட்டியில் ஓர் ஓரமாக நின்றேன். பத்து நிலையம். தஞ்சோங் பகாரில் இறங்கி, நனையாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்து படம் அனுப்பினேன். அவர் எங்கோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றிருந்தார்.

"இது கள்ள ஆட்டம், அண்ணே!"

"மடக்கு சைக்கிள்னா மடக்கத்தானே?"

வழக்கு கோப்பிக் கடைச் சீனப் பெரியவரிடம் போனது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரயிலில் போனால் அரைப் புள்ளி என்று தீர்ப்புச் சொன்னார். அதிலிருந்து என் டைரியில் அரைப் புள்ளிகளும் ஏறத் தொடங்கின.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. என் 8.4 இறங்கி 6.9-க்கு வந்தது. டாக்டர் என்ன செய்தேன் என்று கேட்டார். "ஒரு சின்னப் பையனோட வீம்பு, டாக்டர்" என்றேன்.

2018 செப்டம்பரில் ஒரு நாள் நான் படம் அனுப்பினேன். பதில் இல்லை. ஒன்பது மணிக்கும் இல்லை. பத்து மணிக்கு மேல் மாடியிலிருந்து ஒருவர் வந்து சொன்னார். சாலையோரம் நின்றிருந்த காரின் கதவு திடீரென்று திறந்திருக்கிறது. இவர் அதில் மோதித் தூக்கி எறியப்பட்டிருக்கிறார். பின்னால் வந்த லாரி பிரேக் போட்டு நின்றுவிட்டது, ஆண்டவன் புண்ணியம். கழுத்துப்பட்டை எலும்பு முறிவு, முழங்கை கிழிசல். அந்த வெள்ளை ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் வந்ததே 2019 பிப்ரவரியில்தான். அவர் அதற்கு முன்பே போடாமல் இறங்க மாட்டார். அந்தப் பழக்கம்தான் அன்றைக்குத் தலையைக் காப்பாற்றியது.

மருத்துவமனையில் பார்த்தபோது சிரித்தார். "இன்னிக்கு உங்களுக்கு ஒரு புள்ளி, அண்ணே." நான் அதை டைரியில் எழுதவில்லை.

டிசம்பரில் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். அதுவரை பார்த்தால் வணக்கம் சொல்வதோடு சரி.

"அண்ணே, அவரு திரும்ப சைக்கிளைத் தொடச்சு எண்ணெ போடறாரு. நான் சொன்னா சண்டையாவுது. உங்க மேல அவருக்கு ரொம்ப மரியாதை. நீங்க ஒரு வார்த்தை நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுவாரு. ரெண்டு பிள்ளைங்கண்ணே."

எனக்கு வாயடைத்துவிட்டது. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. அந்தப் பெண் கேட்டதில் என்ன தவறு? மருத்துவமனையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது அவர்தானே. நான் நிறுத்து என்று சொல்வது எளிது. பெரியவன் சொல்கிறேன் என்று அவர் நிறுத்தியும்விடலாம். ஆனால் அவர் ஏன் ஓட்டுகிறார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய அப்பா ஐம்பது வயதில், வேலையிடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். இவருக்கு நாற்பத்து இரண்டு. ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது, "இன்னும் எட்டு வருஷம்தான் இருக்குன்னு தோணும், அண்ணே. மிதிக்கறப்ப மட்டும் தோணாது" என்று சொல்லியிருக்கிறார். அதை அவர் மனைவியிடம் சொல்லியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். நான் போய்ச் சொல்வதும் முறையில்லை.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கைப்பிடியில் கீறல்.

"அவ சொல்லி அனுப்பிச்சாளா?"

"ஆமா" என்றேன். மறைத்து என்ன ஆகப் போகிறது? "நிறுத்துன்னு சொல்ல நான் வரல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். பயம் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நின்னுக்கிட்டு இருக்கிற காரைப் பாத்தாலே உள்ளங்கை வேர்க்குது, அண்ணே" என்றார்.

"காரே இல்லாத வழி ஒண்ணு எனக்குத் தெரியும். ஆனா என் வேகத்துல வரணும்."

அவர் மனைவி தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. வாசலில் செருப்பு மாட்டும்போது, "நிறுத்தச் சொல்வீங்கன்னு நெனச்சேன், அண்ணே" என்றார். "வழியை மாத்தச் சொல்லியிருக்கேம்மா. அதுக்கு மேல என்னால முடியல" என்றேன். அது அவருக்குப் போதவில்லை. வருடா வருடம் வந்துகொண்டிருந்த முறுக்கு டப்பா எனக்கு மறுபடி வர அடுத்த தீபாவளி ஆனது.

2019 பொங்கல் முடிந்து இருவரும் கடற்கரை வழியில் போகத் தொடங்கினோம். முன்னால் கரடி சைக்கிள், பின்னால் கார்பன் சைக்கிள். அவருக்கு ஆரம்பத்தில் தண்டனை மாதிரி இருந்தது. அந்தப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். நான் போவது 18. நடக்கிறவர்கள், நாயைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள், தை சி செய்யும் பாட்டிகள், தள்ளுவண்டிக் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவான பாதை அது. வயதான ஒருவர் நேராக நடந்துகொண்டிருப்பார், சடாரென்று கடலைப் பார்க்கத் திரும்புவார். அவருக்குப் பின்னால் வருகிற வேகம் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்தப் பாதையில் நடக்கிறவர்கள். காதோரம் ஒரு ரோடு பைக் உரசிப் போனால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கும் அது அங்கேதான் புரிந்தது என்று நினைக்கிறேன். ஒரு நாள் அவர் வயதுக்காரர் ஒருவர், அதே ஒட்டு உடையில், எங்களைத் தாண்டிச் சீறிப் போனார். முன்னால் நடந்துகொண்டிருந்த ஒரு பாட்டி பயந்து புல்லில் கால் வைத்துத் தடுமாறினார். இவர் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து நிறுத்தினார். திரும்பி வந்து, "எனக்குக் காரு மாதிரி, இவங்களுக்கு நாங்க, இல்லையாண்ணே?" என்றார். அந்த வாரமே ஒரு மணி வாங்கி மாட்டினார். கார்பன் சைக்கிளில் பித்தளை மணி. அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள் கேலி செய்தார்களாம்.

போட்டி அந்த ஆறு மாதமும் இல்லை. இருவரும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தோம். அவர் குளியலறை வரிசையில்கூட நிற்கவில்லை, ஏனென்றால் வேர்க்கவில்லை. படம் அனுப்பும் பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. எனக்கு அனுப்புவதற்குப் பதிலாக மனைவிக்கு அனுப்பத் தொடங்கினார். நாற்காலி, மேசை, கம்ப்யூட்டர். ஒரு வார்த்தையும் இருக்காது. பந்தயத்துக்காக ஏற்படுத்திய வழக்கம், அந்த வீட்டில் 'போய்ச் சேர்ந்துவிட்டேன்' என்ற செய்தியாகிவிட்டது.

ஜூலையில் ஒரு நாள் காலை கோப்பிக் கடையில் அவரைக் காணவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். மரினா அணைக்கட்டின் மேல் போகும்போது போனில் சத்தம். நிறுத்திப் பார்த்தேன். அவருடைய நாற்காலிப் படம். நேரம் 7.21. அன்று சாலை வழியாகப் போயிருக்கிறார். நான் அங்கேயே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோற்றதற்குச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான். அன்று மாலை என் டைரியில் அவருக்கு ஒரு புள்ளி எழுதினேன்.

அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் சாலை, மூன்று நாள் என்னோடு கடற்கரை. நிறுத்திய கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் விலகித்தான் ஓட்டுகிறார். அதற்காகப் பின்னால் வருகிற காரோட்டிகள் ஹாரன் அடித்தாலும் விலகுவதில்லை. அவர் மனைவிக்கு இன்னும் சம்மதம் இல்லை. எனக்கும் அது தெரியும். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, இவர் பக்கமும் இருக்கிறது. இரண்டு நியாயத்துக்கு நடுவில் நான் ஒரு வழியைக் காட்டினேன், அவ்வளவுதான்.

2020 ஜனவரியில், 62 வயதில், நான் ஓய்வு பெற்றேன். கடைசி நாளன்று அவர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி என்னை ஜெயிக்க விட்டார் என்பது என் சந்தேகம். இல்லை என்று இன்னும் சத்தியம் செய்கிறார்.

நம் வயதுக்காரர்கள் சிலர் மடக்கு சைக்கிள் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் குறுக்குச் சட்டம் தாழ்வாக இருக்கிறதா பாருங்கள், காலைத் தூக்கிப் போட வேண்டியிருக்காது. 16 அங்குலச் சக்கரம் கையடக்கம், 20 அங்குலம் குழிக்குத் தாங்கும். பிரேக் பிடித்து நிறுத்தினால் இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும், இருக்கையை அந்த அளவுக்கு இறக்குங்கள். எடை 12 கிலோவுக்கு மேல் போனால் படியில் தூக்கும்போது இடுப்பு பேசும். வாங்கும் முன் கடையிலேயே பத்து முறை மடித்து விரித்துப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். நடைபாதையில் 10 கிலோமீட்டர் வேகம்தான், அதாவது மெதுவான ஓட்டம். மணி அடித்தால் மட்டும் போதாது. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்த பிறகு தாண்டுங்கள்.

நான் இப்போது வேலைக்குப் போகவில்லை. வாரத்தில் மூன்று நாள் சாங்கி வில்லேஜ் வரை ஓட்டிப் போய், ஒரு நாசி லெமாக்கில் பாதி சாப்பிட்டுவிட்டு, திரும்பி வருகிறேன். சில சனிக்கிழமைகளில் அவரும் வருவார். பெரியவன் எட்டு வயது, மடக்கு சைக்கிள்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறானாம். அவர் அதை ஒரு துரோகம் போலச் சொல்வார். நான் ஒன்றும் சொல்வதில்லை.

டைரியைக் கூட்டிப் பார்த்தேன். எனக்கு 161½ புள்ளி, அவருக்கு 158. அரைப் புள்ளிகளையெல்லாம் எடுத்துவிட்டால் தான்தான் ஜெயித்ததாக அவர் வாதம். கோப்பிக் கடைப் பெரியவரும் கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார், மேல்முறையீட்டுக்கு இடமில்லை. என் கணக்குப்படி அவர் எனக்கு இன்னும் மூன்று தே ஓ பாக்கி.